நடுவில் நிற்கும் மெட்டு

எங்கள் அண்ணன் மட்டாஞ்சேரியில் பிறந்தார். மட்டாஞ்சேரியிலேயே அடங்கினார். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து மிளகுக் கிடங்கு வேலைக்கு வந்தவர். அண்ணனும் நானும் அதே கிடங்கில் மூட்டை தூக்கினோம். மாலையானால் பேண்டு செட். அண்ணன் கிளாரினெட். நான் பெரிய டிரம்.

அண்ணனுக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. செட்டில் பழைய கிளாரினெட் ஒன்று சும்மா கிடந்தது. எடுத்து ஊதினார். வந்துவிட்டது. நான் தம்பி என்பதால் இதைச் சொல்லவில்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாண ஊர்வலத்துக்கென்று அண்ணன் சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டினார். முதன்முதலில் அதை வாசித்தது கொச்சங்காடியில், ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில். பாதி மெட்டில் ஒரு சந்து திரும்பினோம். அங்கே கொப்பரைக் கடை இக்காவின் வீடு. அவருடைய வாப்பா அன்று இறந்து கிடந்தார். எங்களுக்குத் தெரியாது. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணன் கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார்.

மாப்பிள்ளையின் மாமா ஓடிவந்தார். "எடோ, நீ கல்யாணத்துக்கு வந்தியா, மய்யத்து எடுக்க வந்தியா?"

"ரெண்டும் நம்ம வீடுதான் இக்கா. வளைவு தாண்டட்டும்" என்றார் அண்ணன்.

வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்தே எடுத்தார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. அடுத்த கல்யாணத்திலேயே, "அந்த நிக்கிற பாட்டு வாசி சேட்டா" என்று கேட்டார்கள். அதன்பின் எங்கே வாசித்தாலும் நடுவில் அந்த நிறுத்தம் உண்டு. சத்தமில்லாமல் கொஞ்ச தூரம் நடப்போம். பிறகு கிளாரினெட் மட்டும் தனியாக எழும்பும்.

சில வருடம் கழித்து அண்ணனுக்கு நெஞ்சில் நோய் வந்தது. ஊதக்கூடாது என்றார் டாக்டர். அண்ணன் கிளாரினெட்டைத் துடைத்து, செட்டை நடத்திய மாஸ்டரிடம் கொடுத்தார். செட்டுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். மெட்டு எர்ணாகுளம் வரை போனது. மாஸ்டரின் மெட்டு என்று பேராயிற்று. மாஸ்டரும் இல்லை என்று சொல்லவில்லை.

அண்ணன் யாரிடமும் எதுவும் கேட்டவரில்லை. இதை மட்டும் கேட்டார். நேரே போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"மெட்டு செட்டோடது அண்ணாச்சி. ஒருத்தரோடது இல்ல" என்றார் மாஸ்டர்.

"அப்ப உங்க பேரையும் எடுத்துடுங்க மாஸ்டர்."

நான் வாய் திறந்தேன். "நீ தம்பி. அண்ணனுக்குத்தானே பேசுவ. சாயா குடி" என்றார் மாஸ்டர்.

அண்ணன் சாயாவைத் தொடாமல் எழுந்தார். ஆனால் மறுவருடமும் போனார். "அந்த மெட்டு நமக்குச் சோறு போடுமா? விடுங்களேன்" என்பார் அண்ணி. "சோறு கேக்கல. பேரு கேக்கறேன்" என்பார் அண்ணன்.

பிறகு கொப்பரைக் கடை இக்கா, மகள் கல்யாணத்துக்குப் பேண்டு பேச மாஸ்டரிடம் வந்தார். நான் அங்கே டிரம் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நிக்கிற பாட்டு வேணும். எங்க வீட்டு முன்னால நிறுத்தின ஆளும் வேணும்" என்றார் இக்கா.

"அது ஒரு ஸ்டைல் இக்கா. நான் வெச்சது" என்றார் மாஸ்டர்.

"ஸ்டைலா? என்ட வாப்பா தலைமாட்டுல இருந்து ஜன்னல் வழியா நான் பார்த்தேன் மாஸ்டரே. நீங்க பின்னால வந்தீங்க. கை தூக்கினது கிளாரினெட் ஆளு. அவர் முன்னால நடக்கணும். இல்லேன்னா எனக்குப் பேண்டே வேண்டாம்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சியோட சட்டை அளவு என்ன?"

அந்தக் கல்யாணத்தில் அண்ணன் புது யூனிபாரம் போட்டு, கையில் ஒன்றும் இல்லாமல், செட்டுக்கு முன்னால் நடந்தார். தொடங்குமுன் மாஸ்டரே அண்ணன் பெயரைச் சொல்லி, "இவர் கட்டின மெட்டு" என்று கூட்டம் கேட்கச் சொன்னார். சந்து வந்தது. அண்ணன் கை தூக்கினார். மெட்டை நிறுத்தி நடந்தோம். கை இறக்கினார். எடுத்தோம்.

"எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டேன்.

"புதுப் பையன் வாசிப்புல கொஞ்சம் ஓடுறான். பரவாயில்ல."

அதன்பின் அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை. இருமல் முற்றியது. அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போனார்.

அண்ணியோடு கண்விழித்த பக்கத்து வீட்டாருக்கும், மருந்து கொடுத்த டாக்டருக்கும், தோள் கொடுத்த கிடங்குக் கூட்டாளிகளுக்கும், பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன இக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாஸ்டருக்கும் நன்றி. அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை.

அந்த மெட்டு இன்னும் ஊர்வலங்களில் போகிறது. யாருடையது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். அண்ணன் பெயர் இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கிறது. சொல்லுங்கள்.