திருச்சானூரில் இரண்டு மணி நேரம்

காலை 6.10. மாதவரத்திலிருந்து திருப்பதிப் பேருந்து கிளம்பியது. ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கட்டணம் 240 ரூபாய். பயணிகளில் பெரும்பாலோர் மலைக்குப் போகிறவர்கள். மொட்டை போடவேண்டிய குழந்தையை மடியில் வைத்திருந்த பக்கத்து இருக்கைப் பெண், பெரியபாளையம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"தரிசனம் எத்தினி மணிக்குக்கா?"

"மலைக்குப் போகலைம்மா. திருச்சானூர்ல தம்பி வீடு."

"திருப்பதி வரைக்கும் போய்க்கினு மலை ஏறலைன்னா சாமி கோச்சிக்காதா?"

சாமி கோபித்துக்கொள்ள என்னிடம் வேறு காரணம் இருந்தது. அதைத் தம்பியிடம் சொல்லத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

8.05. நாகலாபுரம். எங்கள் ஊர் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. பாதி நிலம் வேர்க்கடலை. மூன்று வருடம் முன்பு, கடலை பிடுங்கும் சமயத்தில் வந்திருந்தேன். தம்பி முனிரத்தினத்தின் மகள் யாமினிக்கு அப்போது ஆறு வயது. "கடலை பட்டா இவளுக்கு உதடு வீங்குது அண்ணி, குடுத்துடாதீங்க" என்று தம்பி மனைவி தேவி காலையிலேயே என்னிடம் சொன்னாள். மதியம் அவித்த கடலையை உரித்து, இரண்டு பருப்பை யாமினியின் வாயில் போட்டேன். நம் மண்ணில் விளைந்தது நம் பிள்ளையை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. செய்தித்தாளில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள் நான். இந்த ஒவ்வாமை பற்றிய செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கால் மணி நேரத்தில் குழந்தைக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், "உனக்குத் தெரியாதாக்கா?" என்று தம்பி கேட்டான். "யாரும் எங்கிட்ட சொல்லலை" என்றேன். "காலையிலயே சொன்னேனே அண்ணி" என்றாள் தேவி. நான் வாய் திறக்கவில்லை. எங்கள் பெரியப்பா சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னும் அவளைத் திட்டினார்: "பெத்தவ நீ ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? இப்ப வந்து பொய் வேறயா?" படித்தவள் சொன்னதுதான் ஊரில் நின்றது.

கடலையைத் தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சைக்காக அவர்கள் திருச்சானூருக்குக் குடிமாறினார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் சொல்லாமல் திரும்பினேன். முந்தாநாள் கிளினிக்கில் எட்டுக் கடலை வரை கொடுத்துப் பார்த்ததாகவும், யாமினிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் தம்பி போனில் சொன்னான். அவசரத்துக்கான ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, தினசரி அளவை விடாமல் கொடுத்தால் ஊரிலேயே இருக்கலாமாம்.

10.20. திருப்பதி. திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், இருபது ரூபாய். "இன்னும் ஒருத்தர் வந்தா கிளம்பிடலாம்மா" என்று ஓட்டுநர் நான்கு பேரிடம் தனித்தனியாக உறுதி கொடுத்தார்.

தம்பி வீடு ஒரு லாட்ஜுக்குப் பின்னால். ஓர் அறை, ஒரு சமையலறை. லாட்ஜ் வரவேற்பில் தம்பிக்குக் காலை ஷிப்ட்.

மாலை 5.30. தேவி மின்விசிறியை நிறுத்தினாள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசில் கடலைப் பொடியை நிறுத்து, தயிரில் கலந்தாள். பொடி பறக்கக் கூடாதென்று மூவரும் வியர்வையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாமினி அதைத் தின்ற பிறகு இரண்டு மணி நேரம் ஓடக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது, தூங்கக் கூடாது. கூடவே இருந்து உதட்டையும் மூச்சையும் கவனிக்க வேண்டும். ஊரில் இருந்தவரை எட்டு மணிக்கு முன் வீடு திரும்பாத முனிரத்தினம், இங்கே தினமும் அந்த இரண்டு மணி நேரமும் மகளிடம் தெலுங்கு எழுத்துக் கற்கிறான். தெலுங்கு பேசத் தெரியும், படித்தது தமிழில்.

"நைனா, இது 'ப' இல்ல, 'வ'. எத்தினி வாட்டி சொல்றது?"

"போன வாரம் பஸ் போர்டைத் தப்பாப் படிச்சி காளஹஸ்திக்குப் போய்க்கினு இருந்தாரு அண்ணி" என்றாள் தேவி.

"பாதி வழில எறங்கிட்டேன்ல, அதையும் சொல்லு."

மூவரும் சிரித்தார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"டாக்டரே சொல்லிட்டாரு. ஊருக்கே வந்துடலாமே" என்றேன்.

தேவியின் முகம் மாறியது. "அவளுக்குச் சரியாயிடுச்சி அண்ணி. நான் எந்த மூஞ்சை வெச்சிக்கினு அந்தத் தெருவுல நடக்கறது?"

"பழசை விடு தேவி" என்றான் தம்பி, அவள் தோளில் கை வைத்து. "சொல்ல மறந்துட்ட. மனுஷங்க மறக்கறதுதான். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவ மறக்கலடா. அன்னிக்குக் காலையிலேயே எங்கிட்ட சொன்னா. தெரிஞ்சேதான் கொடுத்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

யாமினியின் பென்சில் நின்றது. தம்பி என்னைப் பார்க்கவில்லை.

"இங்க வந்து ஒரு வருஷம் இவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலக்கா நான். இதே ரூம்ல" என்றான். பிறகு தேவியிடம், "நீ ஏன் அப்புறமாவது சொல்லலை?"

"சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். அக்கா பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். "நைனா, இன்னும் அரை மணி இருக்கு" என்றாள் யாமினி. திரும்பி வந்து தேவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த அரை மணியில் ஒருமுறை தேவி மகளின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

அவர்கள் இவ்வளவு நெருங்கியதற்கு நான் செய்ததும் ஒரு காரணம் என்று யாராவது எனக்கு ஆறுதல் சொல்லக்கூடும். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. நான் எடுத்துக்கொண்டது அவர்களுடைய ஒரு வருடம்.

மறுநாள் காலை 7.15. திருப்பதி பேருந்து நிலையம் வரை தம்பி வந்தான். பேருந்து கிளம்பும்போது ஜன்னலருகே வந்தான்.

"பெரியப்பாகிட்ட நீயே சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல."

நடத்துநரிடம் நாகலாபுரத்துக்கு டிக்கெட் கேட்டேன். பெரியப்பாவுக்கு இப்போது காது மந்தம். எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்ல வேண்டும், தெருவுக்கே கேட்கும்.