எங்கே போறியள் என்று கேட்ட பெட்டி

வெள்ளவத்தையில் எங்கள் கடை இருந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்றதும், கலியாணக் கூறைச்சேலைகளையும் மாப்பிள்ளைத் தலைப்பாகைகளையும் அள்ளிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டுக்கே வந்துவிட்டோம். வேறு கடை எடுக்க வசதி இல்லை. வெப்சைட் ஒன்று போட்டு அதில் விற்போம் என்றார் என் கணவர். அது சரிவராவிட்டால் டோஹாவில் ஒரு வேலை இருக்கிறது, ஏஜென்சிக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். கலியாணம் கட்டின நாளிலிருந்து ஒரே கடையில் பக்கத்தில் நின்று என்னோடு சண்டை பிடித்த மனிசன். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயத்தை வெளியில் காட்டாமல், "வெப்சைட் ஓடும்" என்றேன்.

ஓடவில்லை. சனம் வந்ததுதான். வட்ஸ்அப்பில் வந்த லிங்கை அமத்தி வந்தார்கள், ஒரு சேலையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். வந்தவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்கள், திரும்பி வந்தார்களா என்று காட்டுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. காலையில் தேத்தண்ணிக்கு முதல் அதைப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போடுவார். பின்னால் நின்று நானும் எட்டிப் பார்ப்பேன்.

பிறகு எங்கேயோ இங்கிலீஷில் வாசித்துவிட்டு, போகிறவர்களை மறிக்க ஒரு பெட்டி வைக்கவேண்டும் என்று தொடங்கினார். ஆள் பக்கத்தை மூடப்போகிற நேரம் பார்த்து அந்தப் பெட்டி திரைக்கு நடுவில் வந்து குதிக்கும். அதற்குள் இருக்கவேண்டிய வசனத்தை அவரே தமிழில் எழுதினார். எனக்குக் காட்டவில்லை. காட்டினால் பிழை பிடிப்பேனாம்.

பெட்டி வந்த பிறகு, முந்தி இரண்டாம் தரம் வந்து பார்த்த கொஞ்சப்பேரும் வராமல் விட்டார்கள். உள்ளதும் போச்சடா நொள்ளைக்கண்ணா என்ற கதைதான். ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் போன் எடுத்தான். அடுத்த கிழமை தருகிறேன் என்றார் இவர். அன்றைக்கு நான் வைத்த சொதியில் உப்பே இல்லை, அவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்.

அந்தக் கிழமைதான் கல்கிசையில் இருந்து ஒரு அம்மா போனில் கதைத்தார். மகளின் கலியாணத்துக்கு எங்கள் வெப்சைட்டில் கூறைச்சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

"பிள்ளை, சேலையெல்லாம் நல்ல வடிவு. ஆனா நான் இனி உங்கட சைட்டுக்கு வரமாட்டன்."

"ஏன் அம்மா?"

"நல்ல காரியத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறன். வெளிக்கிடேக்க 'நில்லுங்கோ, எங்கே போறியள்?' எண்டு ஒரு பெட்டி வந்து கேக்குது. வெளிக்கிடுற ஆளை மறிச்சு ஆராவது அப்பிடிக் கேப்பினமோ? அதுவும் கலியாணச் சாமான் விக்கிற இடத்தில!"

வெளிக்கிடுகிற ஆளிடம் 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால் 'தூரமோ' என்று பட்டும் படாமலும் கேட்கிற சாதி நாங்கள். போனை வைத்துவிட்டு என் மனிசனைப் பிடித்தேன்.

"இங்கிலீஷில எல்லாரும் அப்பிடித்தானப்பா கேக்கிறாங்கள்" என்றார்.

"கேக்கட்டும். அவங்களுக்குச் சகுனம் இல்லை. உங்கட அம்மா பொம்பிளை பாக்க வெளிக்கிடேக்க ஆராவது இப்பிடிக் கேட்டிருந்தா, நீங்கள் இண்டைக்கும் பிரமச்சாரி."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபத்தைவிட ஆறுதல்தான் கூட. எங்கள் சேலையில் குறை என்றல்லவா இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தேன்? குறை முழுக்க இந்த மனிசனின் தமிழில். அது எனக்குப் பழகின குறை.

கடையில் நாங்கள் யாரையும் மறித்ததில்லை. 'வீட்ட கேட்டிட்டு வாறம்' என்பார்கள். பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் அவர்கள் கடைசியாகத் தடவிப் பார்த்த சேலையை மடித்துத் தனியாக மேல்தட்டில் வைத்துவிட்டு, 'போட்டு வாங்கோ, எடுத்து வைக்கிறன்' என்பேன். திரும்ப வாசலில் ஆளைக் கண்டால், அவர்கள் வாய் திறக்க முதல் அந்தச் சேலை மேசையில் விரிந்திருக்கும். நினைவு வைத்திருக்கிறாளே என்பதற்காகவே வாங்கினவர்கள் உண்டு. வெப்சைட் இதைச் செய்யுமோ என்று கேட்டேன். செய்யும் என்றார். அப்ப ஏன் செய்யவில்லை என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு இரக்கம் எனக்கும் உண்டு.

மறிக்கிற பெட்டியை எடுத்துவிட்டு, அடியில் ஒரு வரி வைத்தோம். கடையில் சொன்னதுபோல 'போட்டு வாங்கோ' என்றுதான் எழுதச் சொன்னேன், எங்கள் பேச்சில் போய்விட்டு வாருங்கள் என்பது அது. கொட்டாஞ்சேனையில் பாதிச் சனம் எதைப் போட்டுவிட்டு வர என்று கேட்கும் என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. எங்கள் கீழ்மாடியில் இருக்கிற மலையகத்து அக்காவைக் கேட்டோம், அவவும் அதைத்தான் சொன்னா. 'போயிட்டு வாங்கோ, நீங்கள் பார்த்த சேலையை எடுத்து வைக்கிறம்' என்று முடிந்தது. திரும்பி வருகிறவருக்கு அந்தச் சேலைதான் முதலில் திறக்கும்.

கல்கிசை அம்மாவுக்கு நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அன்று பின்னேரமே வந்து பார்த்து, தன் சேலை தனக்காகக் காத்திருக்கிறது என்று சிரித்தார். கூறை எடுத்தார், தலைப்பாகையும் எடுத்தார், லிங்கைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். அவர்களும் வந்தார்கள், நின்றார்கள், போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போகிற அளவுக்குக் காலையில் ஓடர்கள் வரத் தொடங்கின.

ஏஜென்சிக்காரன் திரும்பவும் போன் எடுத்தபோது நான் ஒரு தலைப்பாகைக்கு முத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"மம யன்னே நே, மல்லி" என்று சிங்களத்தில் சொன்னார் இவர்.

தலைப்பாகையை மடியில் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். அவர் பதறிப்போய் போனை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"என்னப்பா, நான் போகேல்லை எண்டுதானே சொன்னனான்?"

"அதுக்குத்தான்" என்றேன்.