குரங்கு கடித்த புத்தகம்

எங்கள் பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியை அறைக்குள் நிற்கும் ஓர் இரும்பு பீரோ. சாவி அவரிடம் இருக்கும். புத்தகம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அவர் பட்ட கவலையில் பாதியை, அதை யாராவது படிக்க வேண்டும் என்பதில் பட்டிருக்கலாம். எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒரு நாள் நேராகப் போய், பீரோவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டே விட்டேன்.

திறந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு புத்தகம் தொலைந்தாலோ கிழிந்தாலோ மறுபடியும் பூட்டுதான், அப்புறம் நான் வந்து நிற்கக் கூடாது. பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிள்ளைகளோ கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்பீர்களா, எத்தனை மார்க் என்றார்கள். கேள்வியும் கிடையாது, மார்க்கும் கிடையாது, பிடிக்காவிட்டால் மூடிவிட்டு வேறு எடுங்கள் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. நாலு சுவருக்குள் எதைக் கொடுத்தாலும் அது பாடமாகிவிடுகிறது. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அனுமதி வாங்கி எல்லோரையும் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். தின்பண்டம் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கோட்டைக் குரங்குகளைப் பற்றிச் செஞ்சிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோட்டைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் கல்யாண மஹாலுக்கு எதிரே ஆளுக்கொரு நிழலைப் பிடித்தார்கள். கவிழ்ந்து படுத்தும், முதுகோடு முதுகு சாய்ந்தும் படித்தார்கள். வகுப்பில் அப்படி உட்கார்ந்தால் நானே திட்டியிருப்பேன்.

சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண், "கதை புக்கெல்லாம் எனக்கு வேணாம் மிஸ், தூக்கம் வருது" என்று அன்று காலைதான் சொல்லியிருந்தாள். இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுத்திருந்தாள். தவறி விழுந்த ஆட்டுக்குட்டியை மீட்கக் கிணற்றில் இறங்கி, ஏற முடியாமல் மாட்டிக்கொண்ட சிறுமியின் கதை அது. கிழிந்தால் பூட்டு என்று நான் பயமுறுத்தி வைத்திருந்ததால் அதை ஒரு கேரி பேக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். படித்துக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பொறுப்பாக மறுபடியும் கேரி பேக்குக்குள் வைத்தாள். கோட்டையில் கேரி பேக் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? ஒரு பெரிய குரங்கு வந்து பையோடு தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது.

அது பையை உதறிவிட்டு, புத்தகத்தை விரித்து, முகர்ந்து பார்த்து, ஒரு மூலையைக் கடித்தது. பீரோ பூட்டப்படும் சத்தமே எனக்குக் கேட்டுவிட்டது.

குரங்கிடம் பொருளை வாங்க ஒரே வழி, பதிலுக்குத் தின்ன எதையாவது கொடுப்பதுதான். யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு பையாகத் திறந்தது. மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை, முறுக்கு, பாதி கடித்த கொய்யா. கண்டிப்பான ஆசிரியையின் கைப்பையிலும் அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் இருந்தது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது.

அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் அழுதுகொண்டிருந்தாள். ஹெச்.எம்.மிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தேற்றினேன்.

"அதுக்கு இல்ல மிஸ். அந்தப் பொண்ணு மேல வந்துச்சா இல்லியான்னே தெரியலியே."

அழுகிற பிள்ளையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆசிரியை நானாகத்தான் இருப்பேன். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் குரங்கு மல்லாட்டைக்கு மயங்கிப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டது. அட்டையின் மூலை மட்டும்தான் போயிருந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இது அவ்வளவு மோசமில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் அவளோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் பல் பதிந்த அட்டையைப் பார்த்தார். கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடியது.

"பூட்டிக்கோங்க மேடம்" என்றாள் அவள். "இத மட்டும் முடிச்சிட்டுத் தரேன். கொஞ்சம்தான் பாக்கி. அவ இன்னும் கெணத்துலதான் இருக்கா."

அவர் பெஞ்சைக் காட்டினார். அவள் உட்கார்ந்து படித்தாள். மணி அடித்தது. தோழிகள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. தலைமையாசிரியை ஏதோ ஃபைலைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தலையை நிமிர்த்தி, "வந்துட்டா மிஸ்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி வந்தா?" தலைமையாசிரியைதான் கேட்டார்.

அவள் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். "சொல்லிட்டா நல்லா இருக்காது மேடம். நீங்களே படிங்க."

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் அதை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பீரோ திறந்தே இருந்தது. அந்தப் புத்தகம் மட்டும் உள்ளே இல்லை.