தம்பி கிளப்புல குடுத்த மிளகு ரசம்

டேய் பூனைக்கண்ணா, செஞ்சி பஸ் ஸ்டாண்டாண்ட நீ எனக்கு வெச்சுக் குடுத்த ஓட்டலை மூடிடலாமான்னு நெனச்சுக்கிட்டேதான் நடத்திட்டு இருந்தேன்.

இன்னிக்கு கோட்டை ஏறிட்டு, பெங்களூர்க்காரங்க ஒரு பொண்ணும் பையனும் சாப்பிட வந்தாங்க. மாலை போட்ட உன் போட்டோவைப் பாத்து அந்தப் பொண்ணு எழுந்து நின்னுட்டா.

"ஆன்ட்டி, வாரக் கடைசியானா பெங்களூர்ல இவரோட கிளப்லதான் நாங்க டான்ஸ் ஆடுவோம். உங்களுக்கு யாரு?"

"தம்பிம்மா. போன வருசம் போய்ட்டான்."

உன் போட்டோவைக் கும்பிட்டா. அப்புறம் அவளே சொன்னா. "நாங்க கிளம்புறப்ப வாசல்ல நின்னு டம்ளர்ல மிளகு ரசம் குடுப்பாரு. குடிக்காம யாரையும் வெளிய விடமாட்டாரு."

பெங்களூருக்கு கிளாஸ் கழுவப் போய் மூணு கிளப்புக்கு முதலாளி ஆனவன் நீ. "இன்னாக்கா, உன் தம்பி அங்க இன்னா ஊத்திக் குடுக்குறான்?"னு ஊர்ல கிண்டல் பண்ணாங்களே, இனிமே ரசம்னு தைரியமா சொல்லுவேன்.

அடுப்புல இருந்ததை ஊத்திக் குடுத்தேன். பையன் ஒரு வாய் குடிச்சிட்டு, "அதே ரசம் ஆன்ட்டி"ன்னான்.

மனசு நெறைஞ்சிபோச்சுடா. கடைய மூடுற நெனப்பும் போயிடுச்சு.

ஆனா ஒண்ணு. அது அக்கா சொல்லிக் குடுத்த பக்குவம்னு அங்க யார்கிட்டயாவது சொன்னியா, இல்ல உன் ரசம்னே ஓட்டிட்டியா?