கோயிலைச் சுற்றிப் போன ரயில்

அசாம் ஜாவா சாலையில், எங்கள் தாமானின், அதாவது எங்கள் குடியிருப்பின், நுழைவாயிலில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. கூரை இருக்கிறது, சிமெண்டு இருக்கை இருக்கிறது, நீலப் பலகையில் பேருந்தின் படம்கூட இருக்கிறது. பேருந்துதான் இல்லை. மழை பெய்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்குகிறார்கள். டுரியான் பருவத்தில் ஒரு சீன அம்மாள் அங்கே கடை போடுகிறார். சென்ற வாரம் ஒரு காலைப்பொழுது முழுவதும் அங்கே உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு பேர் வந்தார்கள். ஒருவர்கூடப் பேருந்துக்காக வரவில்லை. நான் பிறந்த ஊரில், நிறுத்தமே இல்லாத இடத்தில் கை காட்டினாலும் பேருந்து நிற்கும். இங்கே பேருந்தே இல்லாத இடத்தில் நிறுத்தம் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்துபோகும் உறவினர்கள், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று இதைப் பார்த்து வியக்கிறார்கள். பேருந்து வராத நிறுத்தம் சுத்தமாகத்தான் இருக்கும்.

இந்த நாட்டுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கோலா சிலாங்கூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுத வந்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்த பெண்ணை மணந்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னிடம் மிஞ்சியிருப்பவை சிவப்பு அடையாள அட்டை ஒன்று, தாமானில் ஒரு மலிவு விலை வீடு, கோகிலா என்ற ஒரு மகள். சிவப்பு அட்டை என்றால் இங்கே நிரந்தரமாக வாழலாம், வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது. கோகிலா பெட்டாலிங் ஜெயாவில், சுருக்கமாகப் பிஜேயில், ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் தாதி. திருமணம் ஆகவில்லை. அதற்கான காரணங்கள் இன்னொரு கட்டுரைக்கு ஆகும். தினமும் இருட்டோடு கிளம்பி, எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்கும் மணல் லோரிகளுக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் போய் வந்தாள். இரண்டு முறை விழுந்தாள். இரண்டாம் முறை வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். மருத்துவர் இனி ஓட்டாதே என்றார். ஓட்டாமல் எப்படி வேலைக்குப் போவது என்று அவள் கேட்டாள். அவருக்குக் கார் இருக்கிறது.

நகரத்தில் வீடு பார்த்துப் போய்விடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மனமில்லை. பதினோராவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? அந்த நேரத்தில்தான் இலகு ரயில் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. புறநகர்களை நகரத்தோடு இணைக்கும் புதிய பாதையாம். வரைபடத்தைப் பாலாய் ராயாவில், அதாவது எங்கள் சமூக மண்டபத்தில், மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். முதல் ஆளாகப் போனவன் நான். மேசை நீளத்துக்கு வரைபடம். செம்பனைக் காடுகளின் மேல் சிவப்புக் கோடு வளைந்து வந்து, எங்கள் தாமானின் பின்வேலிக்கு அருகில் ஒரு வெள்ளை வட்டமாக நின்றது. அந்த வட்டம்தான் ஸ்டேசன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிழவன் குடை பிடித்துக்கொண்டு நடந்து போய்விடலாம். அன்று மாலை கோகிலாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வட்டத்தின் மேல் விரலை வைத்து, "கட்டி முடிக்க எத்தன வருசம்பா ஆகும்?" என்று கேட்டாள். ஏழெட்டு ஆகும் என்றேன். "எட்டு வருசம் மோட்டார் ஓட்டிடுவேன். எப்ப முடியும்னு தெரிஞ்சா போதும்" என்றாள். வீடு பார்க்கும் பேச்சை அத்தோடு நிறுத்தினாள். அந்த ஒரு வெள்ளை வட்டத்தை நம்பி எங்கள் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருந்தது.

ஸ்டேசன் எந்த இடத்தில் வருகிறது என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாயவரத்துக்கும் திருவாரூருக்கும் நடுவில், எங்கள் ஊரில் ஒரு ஹால்ட் இருந்தது. பிளாட்பாரம்கூட இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஓர் ஆள். டிக்கெட் விற்பனை குறைந்தால் ஹால்ட்டை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில், பயணம் போகாதவர்களும் டிக்கெட் வாங்கினார்கள். என் அப்பா வாரத்துக்கு ஒன்று வாங்கி வந்து எனக்கு விளையாடக் கொடுப்பார். இதைச் சொன்னால் எல்லோரும் ஆகா, என்ன ஒற்றுமை என்கிறார்கள். ஆனால் அந்த ஹால்ட் எங்கே இருந்தது? மிராசுதார் தெருவின் முனையில். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த சேரிக்காரர்கள்தான் தினமும் ரயிலில் வேலைக்குப் போனவர்கள். அவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பல நாள் அவர்கள் பாலத்தில் இருக்கும்போதே ரயில் போய்விடும். எங்கள் தெருவில் யாரும் அதைக் குறை என்று சொன்னதில்லை. ஸ்டேசனைக் கடவுள் வைப்பதில்லை. யார் பேச்சு கேட்கிறதோ அவர்கள் பக்கம் வைக்கிறார்கள்.

இங்கே எங்கள் பேச்சும் கேட்கத்தான் செய்தது. அதுதான் என் ஆத்திரம்.

சிவப்புக் கோடு எங்கள் தாமானின் மாரியம்மன் கோயில் நிலத்தின் பின்மூலையை வெட்டிக்கொண்டு போனது. கருவறையை அல்ல. முன்மண்டபத்தையும் அல்ல. சமையல் கொட்டகையில் பாதியும், அதை ஒட்டிய இரண்டு கழிப்பறைகளும் போகும். நான் போய் நின்று பார்த்தேன். அம்மனுக்கும் ரயில்பாதையைத் தாங்க வரப்போகிற தூணுக்கும் நடுவே ஒரு கல்யாணப் பந்தல் போடலாம். ஆனால் தாமானில் அன்றே பரவிய செய்தி, கோயிலை உடைக்க வருகிறார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். வாழைப்பழம், கேசரி, தேநீர். கோயில் தலைவர் முருகையா முன்னாள் தோட்ட லோரி ஓட்டுநர், என் வயதுக்காரர், நான் கடையில் வேலை பார்த்த நாளிலிருந்து என்னைக் கணக்கப்பிள்ளை என்றே கூப்பிடுபவர். எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும், பாதை கோயில் பக்கமே வரக்கூடாது என்று கேட்கவேண்டும் என்றார்.

நான் எழுந்து, கொட்டகையைத் தள்ளிக் கட்டித்தரச் சொல்லலாம், தூணைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லலாம், ஸ்டேசன் இங்கேயே வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதலாம் என்றேன்.

"கணக்கப்புள்ள, கக்கூசுதான போவுதுன்னு சொல்றீங்க. மொதல்ல கக்கூசுதான் போவும்" என்றார் முருகையா.

"வரைபடத்துல தெளிவா இருக்கு, தலைவரே."

"எத்தன வரைபடம் பாத்துட்டோம். ரப்பர வெட்டி செம்பன போட்டப்ப, தோட்ட மொதலாளி கோயில கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்கன்னான். தள்ளுனோம். அப்புறம் தோட்டத்த வித்தான். மறுபடி தள்ளுனோம். மாரியம்மாவ லோரியில ஏத்தி, நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். மடியில கொழந்தைய வச்சுக்கிட்டு ஓட்டுற மாதிரி ஓட்டுனேன். மூணாவது வாட்டி என் கை தாங்காது."

அவர் சொன்னது உண்மை. ஆனாலும் விடாமல், அப்படியானால் ஸ்டேசனையாவது கேளுங்கள் என்றேன்.

செயலாளர் தினேஷ், வங்கியில் வேலை செய்யும் இளைஞன், கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான். "அங்கிள், ரெண்டு கேட்டா கன்ஃபியூஸ் ஆயிருவாங்க லா. ஒன் லெட்டர், ஒன் பாயிண்ட்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "அவரு ஊர்லேருந்து வந்தவரு, அங்க கோயிலுக்கு என்ன கொறச்சல். தெருவுக்கு நாலு இருக்கு" என்றது. சிரித்தார்கள். முருகையா சிரிக்கவில்லை. "உக்காருங்க கணக்கப்புள்ள, கேசரி ஆறுது" என்றார். நாற்பது வருடம் இந்த மண்ணில் தின்ற சோறு ஒரு வாக்கியத்தில் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்கள் இவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடவேண்டாம். இவர்களுக்குத் தோட்டம் போனது, அங்கே குடியிருந்த லயம் போனது, பேருந்து போனது. எதற்கும் யாரும் இவர்களைக் கேட்கவில்லை. கோயில் ஒன்றைப் பற்றிப் பேசினால் மட்டும்தான் அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே கேள்விக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பெண் போட்டால், பிள்ளைகள் அந்த ஒன்றைத்தான் படிப்பார்கள்.

முன்னூற்று நாற்பத்தொரு கையெழுத்து. தாமானின் பெரியவர்களில் போடாதவன் அநேகமாக நான் ஒருவன்தான். கோகிலா போட்டாள். அம்மன் காரியத்தில் போடாமல் இருக்க முடியாது, அதோடு ஸ்டேசனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றாள். சட்டமன்ற உறுப்பினர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், கோயிலின் ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன் என்றார். சில மாதங்களில் மாற்றிய வரைபடம் வந்தது.

அதே பாலாய் ராயா, அதே மேசை. சிவப்புக் கோட்டைத் தேடினேன். கோயிலை விட்டு விலகியிருந்தது. தாமானை விட்டும் விலகியிருந்தது. ஆளில்லாத செம்பனைக் காட்டுக்குள் பெரிதாக ஒரு வளைவு போட்டுப் போனது. வெள்ளை வட்டம் அந்தக் காட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அங்கே புது நகரம் ஒன்று கட்டப்போகிறார்களாம். விளம்பரப் பலகை ஏற்கெனவே நட்டாயிற்று, அதில் குளமும் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளும் இருக்கிறார்கள். தூடோங் முக்காடு அணிந்த இளம் அதிகாரி ஒருவர் புன்னகையோடு என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், எங்கள் தாமானிலிருந்து ஸ்டேசனுக்கு எப்படி நடந்து போவது என்று கேட்டேன்.

"ஜாங்கான் ரிசாவ், அங்கிள்" என்றார். கவலைப்படவேண்டாம், கோயில் பத்திரம்.

கோயிலைப் பற்றிக் கேட்கவில்லை, ஸ்டேசனைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன். அவர் இன்னும் அன்பாகப் புன்னகை செய்து, பென்சிலால் கோயிலைத் தொட்டுக் காட்டி, கோடு எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது பாருங்கள் என்றார். இந்த வட்டத்தில் இப்போது எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். இனிமேல் நிறையப் பேர் வருவார்கள் என்றார். இங்கே ஏற்கெனவே இருக்கும் நாங்கள்? அவர் கொஞ்சம் குழம்பிப்போய்ச் சொன்னார்: "நீங்கள் கேட்டதைத்தானே செய்திருக்கிறோம், அங்கிள்."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு இந்தியக் கிழவன் எழுந்து நின்றால் கோயிலுக்காகத்தான் நிற்பான் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் கோபம், அந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கக்கூடிய மேசைக்காரர்கள்மேல். தூணை நகர்த்தச் செலவாகும். கோட்டையே வெற்று நிலத்துக்கு நகர்த்தினால் யாரும் எதிர்க்கப்போவதில்லை, நிலத்தின் சொந்தக்காரருக்கும் சந்தோஷம், மக்களின் விருப்பப்படி செய்தோம் என்று அறிக்கையும் எழுதிக்கொள்ளலாம். இனி வரப்போகிறவர்களுக்கு ஸ்டேசன், ஏற்கெனவே இருக்கிறவர்களுக்குச் சாமி. இதைத் திட்டமிடுதல் என்கிறார்கள். எத்தனை வீடு விற்கும் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு, எத்தனை பேர் விடியுமுன் மோட்டாரை உதைக்கிறார்கள் என்று எண்ணத் தெரியவில்லை. ஒரு நாள் எங்கள் முனைக்கு வந்து நிற்கட்டும். நான் எண்ணிக் காட்டுகிறேன்.

கோயிலில் வெற்றிப் பூசை. தப்பித்த சமையல் கொட்டகையிலேயே அன்னதானத்துக்குச் சமைத்தார்கள். முருகையா என்னைக் கைப்பிடித்து முதல் பந்தியில் உட்காரவைத்து, தானே சாம்பார் ஊற்றினார். "பாத்தீங்களா, அம்மா நெலைச்சு நின்னுட்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஸ்டேசன் போய்விட்டது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். "என் பேத்திகூடக் கேட்டா, இனிமே எப்படித் தாத்தா காலேஜுக்குப் போறதுன்னு. என்னா சொல்ல?" கரண்டி கொஞ்ச நேரம் என் இலைக்கு மேலேயே நின்றது. பிறகு அடுத்த இலைக்குப் போனார்.

கோகிலா அன்று பாயசம் பரிமாறினாள். வீட்டுக்கு வந்து, இடக்கையால் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "பிஜேல ஒரு வீடு பாத்துட்டேன்பா. எறங்கினா ஸ்டேசன். நீங்களும் வந்துருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கெஞ்சினால் மறுத்திருப்பேன். அவள் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலச் சொன்னாள். வருகிறேன் என்றும் சொல்லாமல், வரவில்லை என்றும் சொல்லாமல் இரண்டு மாதம் கடத்தினேன். மனைவி இருந்த வீடு, கடன் அடைத்த வீடு, நான் திட்டித் தீர்க்கும் மனிதர்கள் இருக்கிற வீதி. அவள் ஒரு சின்ன லோரி வைத்து அலமாரியையும் சோற்றுப் பானையையும் ஏற்றிக்கொண்டு போனாள். மோட்டாரை விற்றுவிட்டாள். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு நிம்மதி.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். மற்ற நாள் வேலை முடிந்து ரயில் ஏறியதும் கூப்பிடுகிறாள். நேற்றும் கூப்பிட்டாள். சக்கரங்களின் ஓசை, அடுத்த ஸ்டேசனின் பெயரை அறிவிக்கும் குரல், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, எல்லாம் கேட்டன. உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றாள். அப்போது கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடித்தார்கள். "மணியாப்பா? கொஞ்சம் ஃபோன வெளிய காட்டுங்களேன்" என்றாள்.

இந்தக் கோயிலால்தானே நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று வாய் வரை வந்தது. வாசலுக்குப் போய், கைபேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு மணி கேட்டிருக்கும். எனக்கு ரயில் கேட்கவில்லை. அவள் ஏதாவது சொல்கிறாளோ என்று கையை இறக்கிக் காதில் வைத்தேன். ரயில் கேட்டது. "அப்பா, மணி கேக்கலயே" என்றாள். மறுபடியும் கையை உயர்த்தினேன்.