சிதம்பரத்துச் சீவாளி பல்கேரியாவில்

நாகஸ்வரக்காரனுக்கு எதிரி வேறு வித்வான் இல்லை, சீவாளிதான். வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் துண்டு எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. குழல் ஊதும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

அறுபதுகளில் கலைக்குழு ஒன்றில் என்னையும், கடலூரில் தவில் வாசித்துவந்த என் மனைவியின் தம்பி ராஜவேலுவையும் பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே நாட்டு வாத்தியப் போட்டி. சந்தோஷத்தில் ஒரு வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

போலீஸ் விசாரணை

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் ஒருவர் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்தார். தெருவே கூடிவிட்டது. எதற்குப் போகிறேன் என்று கேட்டார். நாகஸ்வரம் வாசிக்க என்றேன். விடிகாலைச் சாதகம் பற்றி அவருக்கும் புகார் போயிருக்கும்போல. பேனாவை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"பதினஞ்சு நாளு நிம்மதியாத் தூங்குங்க."

வெந்நீர்

பல்கேரியாவில் வெளியே பனி. போட்டி மண்டபத்துக்குள் சூடேற்றியிருந்தார்கள். அந்த வறண்ட சூட்டில் ஆறு சீவாளிகளில் ஐந்து வெடித்துவிட்டன. மிச்சமிருந்ததும் விறைத்துப்போய், வாயில் எவ்வளவு ஊறவைத்தும் ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. எங்கள் முறைக்கு முன்னால் இரண்டே பேர்.

அடுத்து வாசிக்க வேண்டிய பல்கேரியப் பெரியவர், தோல் துருத்தியில் குழல் செருகிய வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். சீவாளியை வாங்கிப் பார்த்தார். போய் ஒரு கிளாஸில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து அதில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஊதினேன். நாதம் கணீரென்று வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதை எங்கள் குழுவின் அதிகாரி மொழிபெயர்த்தார்:

"அவரு குழலுக்கும் இதே சீக்குதானாம். நாப்பது வருஷமா இதோடதான் குடித்தனம்ங்கறாரு."

சிவப்பு விளக்கு

பத்து நிமிஷம்தான் வாசிக்கலாம். ராஜவேலுவின் தவில் சூடுபிடித்ததும் சபை முழுக்கத் தாளம் போட ஆரம்பித்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு. நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. முடிக்கச் சொல்லி ராஜவேலுவுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் இன்னும் வேகமெடுத்தான். நானும் விடவில்லை. முடித்தபோது சபையே எழுந்து நின்றது.

நேரம் மீறியதற்கு மார்க் குறைத்து மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு அந்தப் பெரியவருக்கு. ராஜவேலு தலையைச் சொறிந்தான்:

"வாசிப்பு பிடிச்சுப்போயி விளக்கு போடறாங்கன்னுல்ல நெனச்சேன், மாமா."

காடாம்புலியூர் கல்யாணம்

ஊர் திரும்பியதும் பேப்பரில் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வித்வான் தேடி வந்தார். பரிசுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மூணாவதா வந்தவரு நீங்க. சரி, மொதல்ல வந்தவரு நம்ம கல்யாணத்துக்குத் தோதுப்படுவாரா?"

அவர் இருப்பது பல்கேரியாவில் என்றதும், முகூர்த்தத்துக்கு வந்து சேரமாட்டாரென்று எனக்கே முன்பணம் கொடுத்தார்.

வெளிநாடு போய் ஜெயித்துவந்த நாகஸ்வரக்காரனை ஊர் கொண்டாடத்தான் செய்யும், முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னால் அவன் பந்தலுக்கு வந்து சேர்ந்துவிட்டால்.