ரேடியோ அக்காவின் வரிசை

“வா நாத்தனாரே, இன்னைக்காவது வாயை மூடு” என்று சொல்லிக்கொண்டே முதல் மீனின் தலையை வெட்டுகிறாள் ரேடியோ அக்கா. வாய் பிளந்த மீன் நாத்தனார். கைக்குச் சிக்காமல் வழுக்குவது கொழுந்தன். ஒட்டி உலர்ந்தது வீட்டுக்காரர். ஷிப்டு முடிவதற்குள் புகுந்த வீடு முழுவதையும் சுத்தம் செய்து பெட்டியில் அடுக்கிவிடுவாள். எதிரே நின்று செதில் சுரண்டும் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

கடல் தாண்டி இந்த மீன் கம்பெனிக்குப் பிழைக்க வந்த பெண்கள் நாங்கள். நாலைந்து மொழிக்காரர்கள். ரேடியோ மாதிரி ஓயாத அவள் பேச்சு பாதிப் பேருக்குப் புரியாது, இருந்தும் எல்லோருக்குமே அவள் ‘அக்கா’தான். ஐஸ் தண்ணீரில் மரத்த விரல்களை அக்குளில் செருகச் சொல்லிக் கொடுத்தவள் அவள். “அடுப்பு நம்மகிட்டயே இருக்கு, கம்பெனிக்காரன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?”

கழிவறைக்குப் போக மட்டும் கேட்டே ஆக வேண்டும். சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி மேற்பார்வையாளர். அவரும் பிழைக்க வந்தவர்தான், எங்கள் பாஷைக்காரர். மீன் வரும் பெல்ட்டின் ஓட்டம் குறைந்தால் அவர் தலை உருளும்.

போன வாரம், அக்காவின் பக்கத்தில் நிற்கும் ஏழு மாதக் கர்ப்பிணி கை தூக்கினாள். எங்கள் மொழி தெரியாத சின்னப் பெண். இடைவேளையில் போகலாம் என்று மேற்பார்வையாளர் சைகை காட்டிவிட்டார். மறுபடி தூக்கினாள். மறுபடி அதே சைகை. கண்ணில் நீர் முட்ட, கால்களை இறுக்கிக்கொண்டு வெட்டினாள். நான் குனிந்து செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அக்காவின் ரேடியோ நின்றிருந்தது.

தலைக்கு மேலே பெல்ட்டை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஒன்று உண்டு. யாருக்காவது அடிபட்டால்தான் இழுக்கலாம். சும்மா இழுத்தால் வேலை போகும். அடுத்த விமானத்தில் ஊர். அக்கா அனுப்பும் காசில்தான் அவள் மகள் நர்சுக்குப் படிக்கிறாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு இழுத்தாள். பெல்ட் நின்றது.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “யாருக்கு அடி? யாரு இழுத்தது?”

“நான்தான் தம்பி. யாருக்கும் ஒண்ணும் இல்ல. மாசமா இருக்கற புள்ள, போயிட்டு வந்துடட்டும்.” அந்தப் பெண்ணின் முதுகைத் தொட்டு வாசலைக் காட்டினாள். “ஓடாத கண்ணு, தரை வழுக்கும்.”

அவர் நின்றுபோன பெல்ட்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த செதில்களை ஏப்ரனால் துடைத்து, இன்னும் மூச்சு வாங்கிய அவர் உட்காருவதற்கு வாகாக நகர்த்தி வைத்தாள்.